அப்பா தைத்த பச்சைத் தலைக்கவசம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் முழங்கால் பட்டையைப் பற்றித்தான் பேச்சு. எது இறுக்கும், எது வியர்க்கும், எது மாடிப்படி ஏறுவதற்குள் கணுக்காலுக்கு இறங்கிவிடும் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். போன வாரம் என் மகள், குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த அந்த எம்.எம்.ஏ. வகுப்பில் சேரப்போவதாகச் சொல்லி என்னையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைப்பையன் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான். கையுறை, கைக்குச் சுற்றும் துணி, பல்லுக்கு ஒன்று, கால் எலும்புக்கு ஒன்று. தலைக்கவசத்தை வைத்தபோது நான் அதைக் கையில் எடுத்து உள் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றேன். “என்னம்மா தேடுற?” என்றாள் மகள். கடையில் நின்றுகொண்டு சொல்கிற கதையா அது? உங்களிடம் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் அந்த வருஷம் அங்கேதான் இருந்தீர்கள்.

ஃபிஜித் தீவில், பா ஊரில் எங்கள் வீடு ஆற்றுக்குப் போகும் சாலையில் இருந்தது. கரும்பு அரைக்கும் காலம் வந்துவிட்டால் ஆலையின் கரித்தூள் கொடியில் காயும் துணியிலெல்லாம் வந்து உட்காரும். காய்ச்சிய பாகின் வாசனை தலையணை வரைக்கும் ஏறும். அப்பா பஸ் கம்பெனியில் சீட் தைப்பவர். ஸ்பாஞ்சை வெட்டி, மேலே பச்சை ரெக்சினைப் போர்த்தி, ஓரத்தில் கயிறு பொதிந்த தடித்த பைப்பிங் வைத்து, மெழுகு நூலால் இரட்டைத் தையல் போடுவார். பைப்பிங் இல்லாத சீட் ஆறு மாதத்தில் வாயைப் பிளந்துவிடும் என்பார். தைத்து முடித்த சீட்டில் தானே போய் உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார். கம்பெனியில் அவர் பெயரே ‘உக்காந்து பாக்குறவர்’ என்று ஆகியிருந்தது.

வீட்டில் பாதித் தமிழ், பாதி ஹிந்தி. திட்டும்போதும் சாமி கும்பிடும்போதும் மட்டும் முழுத் தமிழ். நான் இப்போது எழுதும் இந்தத் தமிழ் கல்யாணத்துக்குப் பிறகு திருச்சி மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு படித்தது. அது வேறு கதை.

அந்த வருஷம் தலைநகர் சூவாவில், எங்களைப் போன்ற இந்தியர்கள் கை ஓங்கிவிட்டது என்று பூர்வகுடி ஃபிஜியச் சிப்பாய்கள் ஆட்சியைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் அதற்கு ‘கூ’ என்றுதான் பெயர். சில மாதங்கள் கழித்து இன்னொரு தடவையும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வேலை செய்யக் கூடாது, பஸ் ஓடக் கூடாது, விளையாடக்கூடக் கூடாது என்று சட்டம் வந்தது. அதன் பிறகு தெரு காலியாக ஆரம்பித்தது. இன்றைக்கு எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் மணைப்பலகையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுவார்கள், மறு வாரம் அந்த வீட்டில் விளக்கு எரியாது. என் கணக்கு டீச்சர் பின்னம் பாதி நடத்தியிருந்தபோது கனடாவுக்குப் போய்விட்டார். இன்றுவரை எனக்குப் பின்னத்தில் பாதிதான் தெரியும். போனவர்கள் விட்டுவிட்டுப் போன நாய்கள்தான் பாவம். எந்த வண்டி கிளம்பினாலும் தன் வீட்டு வண்டி என்று நினைத்து கரும்பு ரயில் பாலம் வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பி வரும்.

அம்மாவின் தம்பி முன்னமே சிட்னியில் இருந்தார். கிளம்பி வாருங்கள், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கடை போனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். மெட்ராஸ் என்பது தன் தாத்தா கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பல் ஏறிய இடம், அவ்வளவுதான் அவருக்கு. ஊர் என்றால் பா. சிட்னி என்றால் மச்சான் அனுப்பும் காலண்டர்.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் பள்ளியிலிருந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் நாலைந்து ஃபிஜியப் பையன்கள் அவனை மடக்கி அடித்துவிட்டார்கள். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். அவனுக்கு அப்போது பதினைந்து வயது, எனக்குப் பதினொன்று. அம்மா அவனைப் படியில் உட்காரவைத்து முகத்தைத் துடைத்தாள். அழவில்லை. துடைத்து முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

“இன்னொரு வாட்டி இவன் மேல ரத்தத்தப் பாத்தேன்னா நாம இந்த ஊர்ல இல்ல. இப்பவே சொல்லிட்டேன்.”

“சரி” என்றார் அப்பா. “இன்னொரு வாட்டி வராது.”

“எப்படி வராது? நீங்க கூடவே போய்க் காவல் நிப்பீங்களா?”

“அவனே நிப்பான். அடிக்கக் கத்துக்கட்டும்.”

இதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம். ரத்தம் வராவிட்டால் பா. வந்தால் சிட்னி. நாலு பேரும் அதை அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டோம். அண்ணன் கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டால்கூட அம்மாவுக்குத் தெரியாமல் நான் சாம்பலைத் தடவிவிடுவேன்.

அப்பாவோடு வேலை செய்த டிரைவர் ஒருவர், ஃபிஜியர். பட்டாளத்தில் சேர்ந்து ஐ.நா.வுக்காக லெபனானில் காவல் நின்றுவிட்டு வந்தவர். அங்கே பல நாட்டுச் சிப்பாய்களோடு பழகி, ஒருவனிடம் குத்து, ஒருவனிடம் உதை, ஒருவனிடம் பிடி என்று கற்றவர். அப்பா அவர்கள் முறைப்படி, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், முன்னால் வைத்துக் கேட்டார். அவர் வேரைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். ‘யாரிடமிருந்து தப்பிக்க யாரிடம் போய்ப் படிக்கிறது’ என்று தெருவில் சிலர் சிரித்தார்கள். அப்பா காதில் வாங்கவில்லை.

டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து, அவர்கள் பக்கத்து ஹிந்தியில், என்னென்ன வேண்டும் என்று விரலை மடக்கிச் சொன்னார். கையுறை. உள்ளே விரல் பிசகாமல் இருக்கச் சுற்றும் துணி. பல்லுக்கு ரப்பர். முழங்காலுக்குக் கீழே ஒரு தடுப்பு. தலைக்கு ஒன்று. கடைசியாக அவர் சொன்னதற்கு அம்மா என்னை “போய் ஆடு கட்டியிருக்கான்னு பாரு” என்று அனுப்பிவிட்டாள். எங்களுக்கு ஆடே கிடையாது.

“கிளவுஸ், பல்லுக்கானது, ரெண்டையும் கடையில வாங்கு பாய்” என்றார் டிரைவர். அப்பாவை அவர் ஹிந்தி வழக்கில் பாய், அண்ணா, என்றுதான் கூப்பிடுவார். “மத்ததைப் பாத்துக்கலாம்.”

“மத்ததை நானே தைக்கிறேன்” என்றார் அப்பா.

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் குஜராத்தி. அவரும் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். அலமாரிகளில் கால் பங்குகூட மிச்சமில்லை. சிவப்புக் கையுறை ஒரே ஜோடி இருந்தது, அண்ணன் கைக்கு இரண்டு அளவு பெரியது. “எல்லாரும் பெட்டி வாங்குறாங்க. நீ ஒருத்தன்தான் கிளவுஸ் வாங்குற” என்றார் கடைக்காரர். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அது பாராட்டு இல்லை என்று எனக்கே தெரிந்தது.

பல் ரப்பரை வெந்நீரில் போட்டுச் சூடாகவே வாயில் வைத்துக் கடிக்க வேண்டும். அம்மா பால் காய்ச்சும் குண்டானில் தண்ணீர் வைத்தாள். “கடிடா, கடிடா” என்று அவள் மேலும் கீழும் தாடையைப் பிடித்து அமுக்க, அண்ணன் கண்ணில் நீர் வழிய, எச்சில் முழங்கை வரை ஓட, “அம்ம்மா” என்று குழறினான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூவுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

கைக்குச் சுற்ற, தீமிதிக்குக் கட்டிய தன் மஞ்சள் வேட்டியைக் கிழிக்கப் போனார் அப்பா. “சாமிக்குக் கட்டினத சண்டைக்கா சுத்துவீங்க?” என்று அம்மா பிடுங்கிக்கொண்டு மாவு மூட்டைத் துணியைக் கிழித்துக் கொடுத்தாள். அண்ணனின் முஷ்டியில் கோதுமைக் கதிர் படம் அச்சாகியிருந்தது.

தலைக்கவசத்தைத்தான் அப்பா தன் உயிரைப் போட்டுத் தைத்தார். வார நாளில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் குற்றம். அதனால் ஞாயிறு மதியம் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தைப்பார். ரோட்டில் சிப்பாய் வண்டி வந்தால் நான் வாசலிலிருந்து இருமவேண்டும், மிஷின் நிற்கும். ஒரு மாதத்தில் எனக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. பழைய சீட்டிலிருந்து எடுத்த ஸ்பாஞ்சை மூன்று மடங்கு வைத்தார். மேலே பச்சை ரெக்சின். காதோரம், தாடையோரம், நெற்றியோரம் எல்லாம் பைப்பிங். பைப்பிங் இல்லாமல் அவருக்குத் தைக்கத் தெரியாது. முடித்ததும் அதைத் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். இப்படியும் அப்படியும் ஆடினார். பிறகு அம்மாவை உட்காரச் சொன்னார், என்னையும் உட்காரச் சொன்னார். மெத்தென்றுதான் இருந்தது. உட்காருவதற்கு அதைவிட நல்ல தலைக்கவசம் உலகத்தில் இருந்திருக்காது.

அண்ணன் அதைப் போட்டுக்கொண்டால் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டவன் போலத் தெரிவான். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க உடம்போடு திரும்பவேண்டும். சனிக்கிழமை டிரைவர் வந்தபோது அப்பா அதை இரண்டு கையாலும் நீட்டினார். டிரைவர் வாங்கி, திருப்பி, உள்ளே விரலை விட்டு நெற்றி ஓரத்தைத் தடவினார். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். தனோவா என்னும் மரச்சட்டியில் அப்பா கரைத்து வைத்திருந்த யங்கோனா காத்திருந்தது.

“வினாகா” என்றார், நல்லது என்று தன் மொழியில். “வினாகா, பாய். நல்ல வேலை.”

அப்பாவின் முகம் அன்றைக்கு எப்படி மலர்ந்தது தெரியுமா? ‘ஒரு சிப்பாயே சொல்லிட்டான்’ என்று ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு சனிக்கிழமை தவறாமல் பின்கட்டில் பயிற்சி நடந்தது. டிரைவரின் மகன், அவருடைய பழைய கையுறையைப் போட்டுக்கொண்டு, அண்ணனுக்கு ஜோடி. அவனுக்கும் அதே வயது, அதே பள்ளி. முதலில் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். மூன்றாவது சனிக்கிழமை பயிற்சி முடிந்து ஒரே கிண்ணத்தில் அம்மா போட்ட கசாவா என்கிற மரவள்ளிக் குழம்பைத் தின்றார்கள். அண்ணன் தோள் விரிந்தது. பஸ் ஸ்டாண்டில் அவனை யாரும் மடக்கவில்லை. டிரைவர் மகன் கூடவே நடந்ததால்தான் மடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்பா அதைக் கையுறையின் மகிமை என்று நம்பினார். சிட்னி மாமா கூப்பிட்டபோது அம்மாகூட “கொஞ்ச நாள் பாக்குறோம்டா” என்றாள். அரைப்புக் காலம் முடியப்போகிறது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நான் நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் விளையாடினார்கள். டிரைவர் மகன் பக்கவாட்டில் மெதுவாக ஒரு குத்து விட்டான். கவசம் மறைத்ததால் அண்ணனுக்கு அது வருவது தெரியவில்லை. குத்து பட்டதும் ஸ்பாஞ்சு அமுங்கிக் கவசம் நெற்றியில் சர்ரென்று நகர்ந்தது. அவ்வளவுதான். அண்ணன் புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

அப்பா ஓடிப்போய்க் கவசத்தைக் கழற்றினார். காயத்தைப் பார்த்தார். பிறகு கவசத்தின் உள்ளே கட்டைவிரலை விட்டு நெற்றி ஓரப் பைப்பிங்கைத் தடவினார். விரல் சிவப்பாக வெளியே வந்தது. குத்து வெட்டவில்லை. மெழுகு நூலும் தடித்த ஓரமும் சேர்ந்து கத்திபோல் இழுத்திருந்தன. அது அப்பாவுக்கும் தெரிந்தது, டிரைவருக்கும் தெரிந்தது, பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்ற எனக்கும் தெரிந்தது. டிரைவர் மகனுக்குத் தெரியவில்லை. அவன் கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அம்மா கொடியிலிருந்து துணியோடு வந்தாள். அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பையனின் கையுறையைப் பார்த்தாள்.

“சொன்னது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு” என்றார் அப்பா.

என் தையல்தான் வெட்டியது என்று அவர் சொல்லவில்லை. ஒரு வார்த்தை போதும், சொல்லியிருக்கலாம். அம்மா மஞ்சளை எடுக்க உள்ளே போனாள். டிரைவர் தன் மகனைத் தோளில் அணைத்து அழைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் டிரைவர் திரும்ப வந்தார். சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட சூலு வேட்டி. கையில் செய்தித்தாளில் சுற்றிய யங்கோனாக் கட்டு. மகனும் கூட வந்தான். எப்போதும் உரிமையோடு ஏறி வருகிறவர், அன்று படியேறவில்லை. மண்ணிலேயே இரண்டு பேரும் சம்மணமிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கட்டை முன்னால் வைத்தார் டிரைவர். தப்பு செய்தவர்கள் மன்னிப்புக் கேட்கும் முறை அவர்களிடம் அது. எதிராளி கட்டை எடுக்கும்வரை தலையை நிமிர்த்தக் கூடாது.

முதலில் தன் மொழியில் மெல்லிய குரலில் நீளமாகச் சொன்னார். பிறகு எங்களுக்குப் புரியும்படி ஹிந்தியில் சொன்னார்.

“என் பையன் கை உன் பையன் மேல பட்டுது. அதுக்காக வந்தேன். இன்னொண்ணும் இருக்கு, பாய். அந்த ஓரம் வெட்டும்னு எனக்கு மொத நாளே தெரியும். தொட்டுப் பாத்தேன். உன் வீட்டுல உக்காந்து, உன் கையால குடுத்ததக் குடிக்கிறப்ப, உன் வேலை சரியில்லன்னு எப்படிச் சொல்றது? அதான் வினாகான்னு சொல்லிட்டேன். தப்பு என்னுது.”

அந்த வருஷம் எங்கள் ஆட்களுக்கு என்னென்னவோ நடந்தது. வேலை போனது, கடைக் கண்ணாடி உடைந்தது, பயந்து பயந்து தூங்கினோம். யாரும் யாரிடமும் வந்து மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. கேட்ட ஒரே மனுஷன், தான் செய்யாத ஒன்றுக்காக எங்கள் வாசல் மண்ணில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

 அந்தப் பையனின் கழுத்துப் பின்புறம் வியர்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அப்பா குனிந்து கட்டை எடுத்தார்.  டிரைவர் அவர்கள் முறைப்படி மூன்று தடவை கைதட்டிவிட்டு எழுந்து, மகனோடு போனார்.

கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். வெளியே வந்து அப்பா பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, நான் சொன்னத விட்ருங்க. இது அந்த ரத்தம் இல்ல. அந்தப் புள்ளைய நான் இன்னா நெனப்பு நெனச்சேன்! ரெண்டு புள்ளைங்களும் நல்லாதான பழகுதுங்க. இருந்துடலாங்க.”

எனக்கு ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. அப்பா இதைத்தானே இத்தனை மாதமாகக் கேட்க ஆசைப்பட்டார்! உள்ளே கட்டிலில் படுத்திருந்த அண்ணனும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

அப்பா தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவனாவது அடிச்சிருந்தா தாங்கிக்குவேன்” என்றார். “அவன் கிட்ட இருந்து காப்பாத்த வழி தேடுவேன். இது நான் தைச்சது. நான் உக்காந்து பாத்தது. என் கை செஞ்சதையே எனக்குச் சரியா பாக்கத் தெரியலன்னா, இந்த நேரத்துல உங்க மூணு பேர வச்சிக்கினு நான் இங்க இன்னா பண்ணப்போறேன்?”

“ஒரு தையலுக்கா இப்படிப் பேசுறீங்க?”

“உந் தம்பிக்கு போன் பண்ணு” என்றார்.

அம்மா பிறகும் பல நாள் கெஞ்சினாள். அண்ணன் அவர் காலைப் பிடித்தான். அவர் மாறவில்லை. புருவக் காயம் ஒரு வாரத்தில் ஆறியது. நாங்கள் அதற்குள் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துவிட்டோம். படத்தில் அண்ணனுக்கு அந்த இடத்தில் பிளாஸ்திரி இருந்ததால் திரும்ப எடுக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

அப்பா நினைத்தது தப்பு என்று இப்போது அடித்துச் சொல்வேன். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை, இன்றைய என்னைவிடச் சின்னவர். பயந்துபோன ஒரு வாலிபன். பயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது என்று அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார். சிட்னியில் கோழி வெட்டும் ஃபாக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தார். தையல் மிஷின் பக்கம் போகவே இல்லை. என் பாவாடை ஓரம் பிரிந்தால் ஊசியை அம்மாவிடம் நீட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். அண்ணன் அதன் பிறகு கையுறை போடவில்லை.

சிட்னி முருகன் கோயிலில் பொங்கலுக்கு நம் ஆட்கள் கூடுவோமே, நினைவிருக்கிறதா? சாப்பிட்டு முடித்ததும் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக ஆரம்பிப்பார்கள். ஒருவர் கடையைக் கொளுத்தினார்கள். ஒருவரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். ஒருவர் வீட்டு மேல் கல் விழுந்தது. பேசப் பேசக் கோபம் ஏறும், பிறகு அழுவார்கள், அழுத பிறகு ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு லேசாகிவிடுவார்கள். அப்பா மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு பொங்கலில், ஃபிஜியில் லபாசா ஊர்க்காரர், நல்ல மனுஷர், அப்பா பக்கம் திரும்பிக் கேட்டார்.

“அண்ணே, நீங்க ஒண்ணும் சொல்றதில்லியே. உங்களுக்கு இன்னா பண்ணானுங்க?”

வட்டம் முழுக்க அவரைப் பார்த்தது. அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

“எங்கள யாரும் ஒண்ணும் பண்ணலப்பா” என்றார் அப்பா. “நாங்க சும்மா வந்துட்டோம்.”